மடி சொன்ன பொய்

வெளுத்ததெல்லாம் பாலல்ல என்ற பழமொழிக்குப் படித்தவர்கள் பலவிதமாக விளக்கம் சொல்வார்கள். கள்ளும் வெள்ளை, சுண்ணாம்புத் தண்ணீரும் வெள்ளை, அதனால் வந்தது என்பார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் இன்று உக்குவளையிலிருந்து மாத்தளை வரை விடிந்தால் தேநீர்க் கடைகளில் ஓடுவது என் மாட்டுப் பால். ஆகவே இந்த விஷயத்தில் என் பேச்சை நம்பலாம். அந்தப் பழமொழி, மாடு வாங்கி ஏமாந்த எவனோ ஒருவன் வாயில்தான் பிறந்திருக்கும். பால் வெளுப்பதற்கு முன்னாலேயே மடி பொய் சொல்லும். அதை ஏழு வயதில் கண்ணால் பார்த்தவன் நான்.

அப்போது தம்பி கைக்குழந்தை. அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளை கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டு ஓயாமல் அழுவான். மாத்தளைக் கடைகளில் மூட்டை சுமந்த அப்பா, சேர்த்து வைத்ததை எல்லாம் ஒரு கறவை மாட்டுக்கென்று இடுப்பில் முடிந்துகொண்டார்.

கலேவெலப் பக்கத்துத் தரகர் ஒருவர் மாட்டையும் கன்றையும் எங்கள் வாசலுக்கே ஓட்டி வந்தார். மாடா அது! கொம்பில் எண்ணெய், கழுத்தில் வெண்கல மணி, பூசணிக்காய் போல மடி.

“மடியப் பாருங்க. கன்னு போட்டு மாசம் ஒண்ணுகூட ஆகலங்க” என்றார் தரகர். அப்பா இடுப்பு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்.

அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். மாட்டை அவள் பார்க்கவே இல்லை.

“ஐயோ பாவம், கன்னு வயிறு ஒட்டிப்போய் நிக்குதே. ஒரு வாய் ஊட்ட விடுங்கண்ணே.”

“வழியிலயே ஊட்டியாச்சு தங்கச்சி.”

“அப்ப ஏன் இப்படிக் கத்துது?”

“பிள்ளைக்காரி மனசு, விடுங்க” என்று அப்பாவே கன்றின் கயிற்றை அவிழ்த்தார். கன்று மடியை முட்டியது. மாடு திரும்பி மோந்து பார்த்தது. விட்டது ஓர் உதை! கன்று வாழை மரத்தடியில் போய் விழுந்தது. பெற்ற தாய் அப்படி உதைக்காது. கன்று இரவல். மடியும் கறக்காமல் விட்டு வீங்க வைத்த மடி.

“புது இடம், மிரளுது” என்று இழுத்தார் தரகர்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். “நீங்க அப்பவே சந்தேகப்பட்டீங்கதானே? முடிச்ச அவ்வளவு மெதுவா அவுக்கும்போதே நெனச்சேன்.”

அப்பாவின் நெஞ்சு அரை முழம் விரிந்தது.

“பின்ன? பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. ஓட்டிக்கிட்டுப் போய்யா!”

பிறகு அப்பா கொம்பு ஒடிந்த கறுப்பு மாடொன்றைப் பிடித்து வந்தார். அதை வாங்கப் போகும்போது அம்மாவையும் துணைக்குக் கூட்டிப் போயிருந்தார். அதன் பாலில் தம்பி கொழுகொழுவென்று தேறினான்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா தரகரை விரட்டிய கதையைச் சொல்வார். அம்மா அடுப்படி வாசலில் நின்று, “ஆமாங்க, இவுங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது” என்று சிரிப்பாள். எவ்வளவு கெட்டிக்கார அப்பா, பாவம், எவ்வளவு விவரம் தெரியாத அம்மா என்று அந்த வயதில் நான் நினைத்துக்கொள்வேன்.