சிவப்புப் பொட்டு வைத்த கடிகாரங்கள்

அலமேலுவின் கடிகாரங்கள் மறுபடியும் திரும்பி வந்திருந்தன. ஒன்று இரண்டல்ல, ஒரு பெட்டி நிறைய. சூப்பர்வைசர் பாட்ரிக் பெட்டியை அவள் மேசைமேல் தொப்பென்று வைத்தான்.

“பாருங்க தாந்தின். எல்லாம் சிவப்பு.”

தாந்தின் என்றால் அந்தத் தீவின் கிரியோல் மொழியில் அத்தை. வாய்தான் அத்தை என்றது, முகம் அப்படிச் சொல்லவில்லை.

பீனிக்ஸில் இருந்த அந்தச் சின்னத் தொழிற்சாலையில் ஹோட்டல் அறைகளுக்கு மேசைக் கடிகாரம் பூட்டினார்கள். முள் கிடையாது, திரவப் படிகக் கண்ணாடியில் கறுப்பாக எண் தெரியும். கண்ணாடிக்குப் போகிற வோல்டேஜ் குறைந்தால் எண் வெளிறிப் போகும். கூடினால், தெரியக் கூடாத கோடெல்லாம் தெரிந்து எட்டு எட்டாக நிழல் விழும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்த மிளகளவில் ஒரு திருகு. அதைக் கண்ணால் பார்த்துத் திருப்பி வைப்பதுதான் ஆறு பெண்களின் வேலை. வைத்த திருகு அசையாமலிருக்க அதன் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு, ஆளுக்கு ஒரு நிறம். அலமேலுவுக்குச் சிவப்பு.

“கண்ணாடி சரியில்ல,” என்றாள்.

“மத்த அஞ்சு பேருக்கும் அதே கண்ணாடிதானே?”

“அப்ப என் கைக்கு மட்டும் பேய் பிடிச்சிருக்கா?”

“கையோ கண்ணோ, எனக்குத் தெரியாது. மணி மூணா எட்டான்னு தெரியாம ஒரு வெள்ளைக்காரன் பிளேனை விட்டுட்டானாம். ஹோட்டல்காரன் போன்ல என்னைத் திட்டுறான். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன் தாந்தின். அப்புறம் வேற இடம் பாத்துக்குங்க.”

வேற இடம் எதுவென்று அவளுக்குத் தெரியும். சொந்த ஊரான ரிவியேர் டு ராம்பாரில் பதினாறு வயதில் கரும்புக்காட்டில் இறங்கியவள். கல்யாணம் கட்டிக்கொண்டு ரோஸ் ஹில்லுக்கு வந்தபின் ஒன்பது வருடம் ஸ்வெட்டர் ஆலையில் நீராவி பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றாள். வலது முழங்கையில் வெந்த தோல் இன்னும் சுருங்கித்தான் கிடக்கிறது. அந்த ஆலை இந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருந்தது. இங்கே வந்துதான் நாற்காலி என்ற ஒன்றில் உட்கார்ந்து வேலை செய்தாள். அதை விட்டுப் போவதா?

மதராஸிலிருந்து புதிதாக வந்திருந்த இன்ஜினியர் கோபாலகிருஷ்ணன் மீட்டரும் கையுமாக வந்தார். பூட்டி முடித்த கடிகாரத்துக்குள் வோல்டேஜை ஒரே அளவில் பிடித்து நிறுத்த ஒரு சின்னத் துண்டு உண்டு. அதைக் கடைசியில்தான் வைப்பார்கள். அதுவரை பெஞ்சில் அந்த வேலையைச் செய்வது தரையில் இருந்த ஸ்டெபிலைசர் பெட்டி. ஆறு சாக்கெட், ஆறு பெஞ்ச். பெட்டியில் மீட்டரை வைத்தார். மீட்டர் முள் சரியான அளவில் அசையாமல் நின்றது. அடுத்த நாளும் வைத்தார். மூன்றாம் நாளும் வைத்தார்.

“பெட்டியில ஒரு குறையும் இல்லம்மா. நீங்க கண் டாக்டரைப் பாத்தீங்களா?”

கோயிலில் கேட்டுக் கேட்டுப் படிந்த தமிழில் அலமேலு பதில் சொன்னாள், ஐயா என்கிற இடத்தில் மட்டும் கிரியோல் மிஸ்யே. “என் கண்ணு நல்லாதான் பாக்குது மிஸ்யே. உங்க சட்டையில பொத்தான் ஒண்ணு மாத்திப் போட்டிருக்கீங்க.”

அவர் குனிந்து பார்த்தார். மாறித்தான் இருந்தது. அந்தக் குனிதலோடு இன்னும் ஒரு முழம் குனிந்து மேசைக்கடியில் ஒயர் எங்கே போகிறதென்று பார்த்திருந்தால் வேலை முடிந்திருக்கும். பார்க்கவில்லை. அலமேலுவும்தான் பார்க்கவில்லை. பக்கத்துப் பெஞ்ச் சீதா வேறு, “அக்கா, நான் வேணா உங்களுக்குக் கொஞ்சம் பச்சைப் பூச்சு தரட்டுமா?” என்று சிரித்தாள். அவளை அப்படியே தூக்கித் திரும்பி வந்த கடிகாரப் பெட்டிக்குள் போடலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை டீக்கு மணி அடித்தபோது, பொட்டு வைத்து முடித்த ஒரு கடிகாரத்தைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். கடிகாரம் முழுக்க எட்டு எட்டாக நிழல். திருகைப் பார்த்தாள். சிவப்புப் பொட்டு கீறல் இல்லாமல் இருந்தது. யாரும் தொடவில்லை.

அப்போது சுவருக்குப் பின்னால் புஸ்ஸென்று ஒரு சத்தம். ஸ்வெட்டர் ஆலையில் டீ முடிந்து பிரஸ்ஸைப் போடுகிறார்கள். ஒன்பது வருடம் கேட்ட சத்தம். ஒரு புஸ், இரண்டு புஸ். அவள் கண் முன்னாலேயே எட்டெல்லாம் கரைந்து, கண்ணாடி சொன்னபடி கேட்கிற பிள்ளைபோல மணி மட்டும் காட்டியது.

அவள் தலை தானாக மூலைக்குத் திரும்பியது. அங்கே மாதா படத்துக்குப் பக்கத்தில் முருகன் படம், அதன் முன்னால் சின்ன மின்விளக்கு. அது இம்மியும் மங்கவில்லை.

ஏன் மங்கும்? தைப்பூச விரதத்தின்போது அந்த விளக்கு மங்கி மங்கி எரிந்தது. ஒரே மாதத்தில் மூன்று பல்பு போனது. சாமி விளக்கு விரத நாளில் அணையலாமா என்று, தன் பெஞ்ச் ப்ளக்கை ஸ்டெபிலைசர் பெட்டியிலிருந்து பிடுங்கி அங்கே முருகன் ப்ளக்கைச் சொருகியவள் அவள்தான். தன் பெஞ்ச் ப்ளக்கைச் சுவர் சாக்கெட்டில் மாட்டினாள். பூசம் முடிந்து காவடி இறங்கி இரண்டு மாதமாகியும் திருப்பி மாற்ற மறந்தாள்.

சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். ஆனால் ஏற்கனவே போன சிவப்பெல்லாம் வரிசையாகத் திரும்பி வரும். வாயை மூடினாலும் வேலை போகும். பாட்ரிக்கையும் இன்ஜினியரையும் கூப்பிட்டாள்.

கோபாலகிருஷ்ணன் சுவர் சாக்கெட்டில் மீட்டரை வைத்தார். ஒவ்வொரு புஸ்ஸுக்கும் முள் விழுந்து எழுந்தது. பின்னால் பிரஸ் ஓடும்போதெல்லாம் சுவரில் வோல்டேஜ் இறங்க, அந்த இறக்கத்துக்கு ஈடாகத்தான் அவள் இரண்டு மாதமாகத் திருகைக் கூட்டி வைத்திருந்தாள்.

“யாரும்மா ப்ளக்கை மாத்தினது?”

“நான்தான். சாமி விளக்கு அணையக் கூடாதுன்னு.”

“மூணு நாள் தேடறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“மூணு நாள்ல ஒருக்கா நீங்க மேசைக்கடியில குனிஞ்சிருக்கலாமே.”

பாட்ரிக் சிரித்தான். “எங்க மாதாவுக்கு மெழுகுவத்தி போதும் தாந்தின். கரண்ட் கேக்க மாட்டா.”

“அந்தப் புகையில கறுத்துப்போன உங்க மாதாவை வாராவாரம் துடைக்கிறது யாருன்னு கேளு. சொல்லுவா.”

வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் ஸ்டோரில் இருந்ததும், ஹோட்டல்களிலிருந்து வரப்போவதும், சிவப்பு எத்தனையோ அத்தனையையும் அவளே சுரண்டி மறுபடி வைக்க வேண்டும் என்று பாட்ரிக் சொல்லிவிட்டான். அறுநூறுக்கு மேல். அலமேலு பல்லைக் கடித்துக்கொண்டு பிளேடை எடுத்தாள். மற்ற ஐந்து பேரும் புதுசு வைக்க, அவள் தன் பொட்டைத் தானே அழித்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் புஸ்ஸென்றது. சுவர் சாக்கெட்டுக்குப் போன முருகன் விளக்கு மங்கி, நடுங்கி, மறுபடி எரிந்தது.

“கொஞ்ச நாள் நீ நடுங்கு,” என்றாள் படத்தைப் பார்க்காமல். “நான் இரண்டு மாசம் நடுங்கியாச்சு.”