மூன்று கோச்சிங் சென்டரும் ஒரு ஃபைலும்

போன வருடம் ஒரு சனிக்கிழமை, ஹைதராபாத் ஹப்சிகுடாவில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பெண் எழுதுகிறாள்.

என் கடைசி மகள் அல்வாலில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுத ஆசை. எந்த கோச்சிங் நல்லது என்று பார்க்க நானாகவே கிளம்பினேன். கையில் அவளுடைய மார்க் ஷீட், டிகிரி எல்லாம் இருந்த ஃபைல். ஜெராக்ஸ் போதும்தான். ஆனால் மல்லாபூரில் நான் வேலை பார்த்த ஃபேக்டரி கேட்டில் ஜெராக்ஸை மதிக்கவே மாட்டார்கள். ஒருமுறை கொட்டும் மழையில் திருப்பி அனுப்பினார்கள். அந்த வாட்ச்மேனின் மீசைகூட ஞாபகம் இருக்கிறது. அதனால் மகளிடம் சொல்லாமல் ஒரிஜினலையே எடுத்துப் போனேன்.

முதல் இடத்தில் ஏசி ஹால், சுவர் முழுக்க ஜெயித்தவர்களின் போட்டோ. இரண்டாவது இடத்தில் வகுப்பில் உட்கார வைத்தே காட்டினார்கள். மூன்றாவது இடம் ஒரு மாடியில், ஒரே அறை, பத்துப் பன்னிரண்டு நாற்காலி. இது ஆகாது என்று தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு இறங்கினேன்.

பஸ் ஏறப்போகும்போதுதான் பார்த்தேன், கையில் ஃபைல் இல்லை. திரும்ப வாங்க மாதக்கணக்காகும். மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

முதல் இடத்துக்கு ஓடினேன். கேமராவில் பார்த்துவிட்டு, "போறப்போ உங்க கையிலதான் இருக்கு பெரியவரே" என்றார்கள். இரண்டாவது இடத்தில் வகுப்பு முடியும்வரை வாசலிலேயே நிற்க வைத்தார்கள். பெஞ்சுக்கடியில் குனிந்து பார்த்தேன், இல்லை. கடைசியாக மூன்றாவது இடத்து மாடிப்படி ஏறினேன்.

அங்கே பாடம் நடத்தும் அம்மா ஃபைலை மேஜைமேல் எடுத்து வைத்திருந்தார்.

"கைக்கு, ஏன் இப்படி ஓடி வர்றீங்க? உக்காருங்க. ஒரிஜினலைக் கொண்டு யாராச்சும் ஊர் சுத்துவாங்களா?"

மகளுக்காக மூன்று இடமும் ஏறி இறங்கியதை வரிசையாகச் சொன்னேன். அவர் கேட்டார், "பொண்ணு வேலைக்குப் போகுதா?"

"ஹவ்மா, போகுது. ஞாயிறு மட்டும்தான் லீவு."

"அப்ப இங்க நக்கோ, வேணாம். என் கிளாஸ் எல்லாம் வார நாள்ல, காலைல. நீங்க ரெண்டாவதா போன இடத்துல ஞாயித்துக்கிழமை கிளாஸ் இருக்கு, அங்க சேருங்க."

ஏசி பார்த்தேன், போட்டோ பார்த்தேன், நாற்காலி எண்ணினேன். என்றைக்கு வகுப்பு என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபைலை வாங்கி ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிட்டு, "என்னைக் கேட்டுட்டுப் போயிருக்கலாமேப்பா" என்றாள், அவ்வளவுதான்.

இப்போது யாருக்காக எங்கே கிளம்பினாலும், முதலில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வயதில்தான் எனக்கு அது தெரிந்தது.