பெயர்ப்பலகையைக் கழற்றிய திருச்செல்வம்

திருச்செல்வம் கண்டியில் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகச் சாரதி. ஹந்தானைச் சரிவில் என் பக்கத்து வீடு. அவர் மனைவி இராஜகுமாரிக்குப் போன வருடம் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் சொல்லித்தரும் பயிற்சிகளைக் காலையில் வீட்டில் செய்ய வைப்பது நான். பராமரிப்பு வேலைக்குப் படித்தவள். வயதானாலும் கை மறக்கவில்லை.

முன்பு ஒருமுறை பாராளுமன்றத்தைக் கலைத்தபோது திருச்செல்வத்துக்கு வேலை போனது. உறுப்பினருக்குப் பதவி இல்லையென்றால் அவருடைய ஆட்களுக்கும் இல்லை. அன்றைக்கு அலுவலகப் பெயர்ப்பலகையை யாரோ பிடுங்கி ஓடையில் எறிந்திருந்தார்கள். அதை அவர் மறக்கவேயில்லை.

போன மாதம் ஒரு காலையில், நான் இராஜகுமாரிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, சாக்கில் சுற்றிய பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“பாராளுமன்றத்த மூடிட்டாங்கக்கா. இந்தத் தடவ போர்டையாவது காப்பாத்தலாம்னு கழட்டிட்டேன்.”

வாகனச் சாவியையும் அலுவலக மேசையில் வைத்துவிட்டாராம். நாவலப்பிட்டியில் கடை வைத்திருக்கும் மச்சானிடம், குடும்பத்தோடு வந்துவிடுவதாகவும் சொல்லியாயிற்று.

இராஜகுமாரி குழறலாக, ஆனால் உறுதியாகவே சொன்னாள்: “நான் வரல. நீங்க போர்டோட போங்க.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கண்டி ஆஸ்பத்திரிப் பயிற்சி இப்போது நின்றால் அந்த இடது கை விறைத்துப்போகும்.

“மூடினாங்களா, கலைச்சாங்களா?” என்று கேட்டேன்.

“ரெண்டும் ஒண்ணுதானேக்கா.”

எனக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் இருந்தார். நான் கால் புண்ணுக்குக் கட்டுப்போடும் விமலநாதன் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், பாராளுமன்றத்தில் உரைபெயர்ப்பாளராக இருந்தவர். போன் போட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.

“கலைக்கேல்ல, நேர்ஸம்மா,” என்றார். நான் நேர்ஸ் இல்லை என்று சொல்லி அலுத்துவிட்டது. “இது புரோரோக். கூட்டத்தொடர முடிச்சு வைக்கிறது. ரெண்டு மாசத்துக்குள்ள திரும்பக் கூடவேணும். எடுக்காமக் கிடக்கிற கேள்வியள், பிரேரணையள் விழும். எம்.பி. விழமாட்டார்.”

“அவரோட டிரைவர்?”

“எம்.பி. இருந்தா அவரும் இருப்பார்தானே. லத்தீன் சொல்லு அது. ரோமாபுரியில, ஒரு அதிகாரியின்ர பதவிக்காலத்த நீட்டலாமோ எண்டு சனத்திட்டக் கேக்கிறது. பிறகுதான் இங்கிலாந்துக்காரர் சபையத் தள்ளிவைக்கிறதுக்கு அதை எடுத்தவை.”

திருச்செல்வம் அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார். “அப்ப எனக்கும் நீட்டிட்டாங்களா, ஐயா?”

“அதை உம்மட எம்.பி.யிட்டக் கேளும். முதல்ல அந்தப் போர்டைக் கொண்டுபோய்த் திரும்ப மாட்டும், அவர் வாறதுக்கு முன்னம்.”

இராஜகுமாரி சிரித்தாள். வாய் இன்னும் கொஞ்சம் கோணுகிறது, பரவாயில்லை. பந்தை அவள் இடது கையில் வைத்து அமுக்கச் சொன்னேன். திருச்செல்வம் மச்சானுக்குப் போன் எடுத்து, “வாறோம், ஆனா சும்மா பாத்துட்டுப் போக” என்று சொல்லிக்கொண்டே பலகையோடு கீழே இறங்கினார்.

அந்த வாரமும் அவள் கிளினிக்குக்குப் போனாள். நானும் கூடப் போனேன். வழியில் பஸ்ஸிலிருந்து அலுவலக வாசலில் பலகையைப் பார்த்தேன். அவசரத்தில் ஓர் ஆணியைத் தொலைத்திருக்கிறார். ஒரு பக்கம் சரிந்து தொங்குகிறது. நேராக்கச் சொல்ல வேண்டும்.