ஸ்கேன் எடுத்த காலுக்கு மாத்திரை எதற்கு

என் வீட்டுக்காரர் கொத்தனார். போன வருடம் தவளக்குப்பத்தில் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்துத் தையல் போட்ட இடத்தில் சீழ் வடிந்தது. கம்பியின் மேல் கிருமி பாசிபோலப் படிந்துவிட்டது, அதற்குள் மருந்து லேசில் நுழையாது என்றார் டாக்டர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள் நான். "படகுக்கே அடியில பெயிண்ட் அடிச்சுத்தான் சார் கடல்ல எறக்குறாங்க. மனுசன் கால்ல வைக்கிற கம்பிய மொட்டையாவா வைப்பீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அதுக்குத்தாம்மா ஆராய்ச்சி நடக்குது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளைக் கம்பி மேல பூசுவாங்க. வெளியிலேர்ந்து ஸ்கேன்ல வர்ற மாதிரி ஒலியைச் செலுத்தினா, அந்தப் பூச்சு வேலை செஞ்சு கிருமியைக் கொன்னுடும். ஆனா இன்னும் நோயாளிங்களுக்கு வரல" என்றார். பிறகு, சீழ் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு ஸ்கேனும், கிருமிக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பூச்சு இன்னும் வரவில்லை என்று அவர் சொன்னது என் மண்டையில் ஏறவே இல்லை. ஸ்கேன் எடுத்தாயிற்று, கிருமி செத்தது என்று முடிவு கட்டிவிட்டேன். காலில் தடவிய ஜெல்லைக்கூட ஒருநாள் முழுக்கத் துடைக்க விடவில்லை. மாத்திரை வீட்டுக்காரர் வயிற்றைப் புரட்டியது. "டாக்டரே நிறுத்தச் சொல்லிட்டாரு" என்று புளுகி, அட்டையை எடுத்து ஒளித்து வைத்தேன். காய்ச்சல் வந்தபோது, கிருமி சாகிற சூடு என்று மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பத்தாம் நாள் அவர் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "எலும்புக்குள்ள எறங்கிடுச்சு. கம்பியை எடுக்கணும், கெட்டுப்போன எலும்பையும் வெட்டணும். கால் குட்டையாயிடும்" என்றார். சாரம் ஏறிப் பிழைக்கிற மனிதர்.

"மாத்திரை சாப்பிட்ட கால் மாதிரி இல்லையே. யாரு நிறுத்தினது?" என்று டாக்டர் கேட்டார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது பொய் என்று அவருக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

"நான்தாங்க. அவ வேளாவேளைக்குக் குடுத்துக்கினுதான் இருந்தா. நான்தான் துப்பிட்டேன்" என்றார்.

டாக்டர் அவரைத் திட்ட ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.