ராசா உயிரோடு இருந்த வகுப்பு

2023 மார்ச் 14, செவ்வாய். ஐந்து மணிக்கு எழுந்தேன். ஆறரைக்கு வவுனியா பஸ், ஒன்பதுக்குப் பல் வைத்தியர், பதினொன்றரைக்குத் திரும்பும் பஸ். புளியங்குளம் சந்தியில் ஏறிய பெண்ணொருத்தியின் கூடையிலிருந்து கருவாட்டு மணம் வந்தது. எனக்குப் பிரெஞ்சுப் புரட்சி நினைவுக்கு வந்தது.

இதற்கு விளக்கம் தேவை. போரால் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் மரங்களின் கீழ் உயர்தரம் படித்த நாட்களில், எங்கள் வகுப்புக்கு உலக வரலாற்றுப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரே இடத்தில் இருந்தால் ஒரேயடியாகப் போய்விடும் என்று வரலாற்று ஆசிரியர் அதன் தையலைப் பிரித்து ஆளுக்கொரு பகுதியாகத் தந்தார். ஓட நேர்ந்தால் அவரவர் பகுதியை அவரவர் குடும்பம் தோளில் காவ வேண்டும். படித்து மற்றவர்களுக்குப் பாடமும் எடுக்க வேண்டும். எனக்குப் பொம்பேய் நகரை மூடிய எரிமலையும் ரோமச் சக்கரவர்த்திகள் சிலரும். அவர்களைப் பிறப்புச் சான்றிதழ்களோடு வைத்திருந்தேன். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துச் செல்வத்துக்குக் கொள்ளைநோய்.

“சேர், ஒரு கொட்டில்ல ஏழு பேர் இருக்கிறோம். கொள்ளைநோய நான் எங்க வைக்கிறது?”

“தலைமாட்டில வை.”

முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த யசிந்தாவுக்குப் பிரெஞ்சுப் புரட்சி. அவர்கள் வீட்டில் ஈரம் புகாத பெட்டி கருவாட்டுப் பெட்டி மட்டுமே. ஆகவே நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு புரட்சி படித்தோம்.

நன்றாகவே படிப்பித்தாள். ராசா மனைவி பிள்ளைகளோடு வண்டியேறித் தப்பி ஓடும் இடத்தில் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. அது எங்களுக்குத் தெரிந்த விசயம்.

“எத்தினை பெட்டி கொண்டு போனவை?”

“பாய் கொண்டு போகேல்லையோ?”

வழியில் பிடிபட்டார் என்றாள். பிறகு பக்கத்தைப் பார்க்காமலே சொன்னாள்: “பிறகென்ன, மன்னிப்புக் கேட்டவர். விட்டிட்டினம். வீட்ட போய்ப் பிள்ளையளோட இருந்தவர்.”

எனக்கு அது நியாயமான முடிவாகப் பட்டது. எழுதி அடிக்கோடும் இட்டேன். ஆசிரியர் அந்தக் கிழமை மலேரியாவில் படுத்திருந்தார்.

பரீட்சையில் அந்த ராசாவின் முடிவைப் பற்றியே கேட்டிருந்தார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். சொற்பப் புள்ளிகளால் வரலாறு போயிற்று. ராசா உயிரோடு இருந்தபடியால் எனக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. சனங்களுக்கு முன்னால் அவருடைய தலையை வெட்டினார்கள் என்பதைப் பின்னர் வேறொரு புத்தகத்தில் படித்தேன். அந்தப் பக்கம் யசிந்தாவிடம் இல்லாமல் போயிற்றா, இருந்தும் எங்களை ஏய்த்தாளா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னிடம் இருந்தது.

பஸ்ஸில் அந்தக் கூடைக்காரி என் பக்கம் திரும்பினாள். யசிந்தாவேதான். சுகம் விசாரித்து முடிந்ததும் கேட்டேன்.

“அந்தக் கடைசிப் பக்கம் உங்களிட்ட இருந்ததோ?”

எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை. “இருந்தது. வாசிச்சனான்.”

“பிறகேன்?”

“அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத மாசம் அது. ராசாவின்ர பிள்ளையளையும் தேப்பன் இல்லாமல் ஆக்க எனக்கு வாய் வரேல்லை. அடுத்த கிழமை திருத்திச் சொல்லுவம் எண்டு இருந்தனான். அதுக்குள்ள திரும்பவும் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டிட்டம்.”

“சோதினையில நீங்கள் என்ன எழுதினீங்கள்?”

“நீங்கள் எழுதினதைத்தான். எல்லாரையும் பிழையா எழுத வைச்சிட்டு நான் மட்டும் சரியா எழுதுறதோ?”

அவள் கூடையைக் காலடிக்கு இழுத்து வைத்தாள்.

“கோவமா இருந்தனீங்களோ?”

“ஓம்.”

“எத்தினை வருசம்?”

“அதைக் குறிச்சு வைக்கேல்லை.”

சிரித்தாள். மாங்குளத்தில் இறங்கும்போது, “ராசா செத்தது செல்வத்துக்கு மட்டும் இன்னும் தெரியாது போல. ஜெயபுரத்தில தோட்டத்தில கச்சான்கடலை போடுறார். எனக்கு முகமில்லை, நீங்களே சொல்லிவிடுங்கோ” என்று அவனுடைய தொலைபேசி இலக்கத்தைத் தந்தாள்.

அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கமும் இன்று எவரிடமும் இல்லை. சக்கரவர்த்திகளை நான் கடைசி இடப்பெயர்வில் ஒரு பதுங்குகுழியில் விட்டுவிட்டு வந்தேன். ஆசிரியரும் இல்லை, அந்த மரங்களும் இல்லை. ராசா வீடு திரும்பிய வரலாறு இப்போது செல்வம் ஒருவனிடம் மட்டுமே இருக்கிறது.

மறுநாள் காலை, தேநீருக்கும் முன்னால், அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“என்னப்பா விடியக்காலையில? யாருக்கும் ஏதும் ஆச்சா?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை,” என்றேன். “எல்லாரும் சுகம்.”