ஆறுமணிக் குருவிக்காக விட்ட காப்பி

ஒரு தை மாதத்தில் காப்பியை விட்டேன். கேட்டவர்களிடம் வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். ஆறுமணிக் குருவியைக் கண்ணால் பார்க்கும்வரை காப்பி குடிக்கப் போவதில்லை என்றேன். சாமிக்கு விரதம் இருக்கிறவர்கள் நிறைந்த ஊரில் குருவிக்கு விரதம் இருந்தவள் நான் ஒருத்திதான். மாமியார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்காரர் மட்டும் காப்பித்தூள் மிச்சம் என்று சொல்லிவிட்டு மில்லுக்கு மொபெட்டை எடுத்தார்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. ராஜபாளையம் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை எனக்கு. ஊரில் யார் போனைத் தூக்கினாலும் என் முன்னால் இருக்கும் போர்டில் ஒரு விளக்கு எரியும். நம்பர் கேட்டு இணைத்துவிட வேண்டும். எந்தப் பஞ்சு வியாபாரிக்கு ஜலதோஷம், எந்த மில் மேனேஜர் கோபத்தில் இருக்கிறார் என்பதெல்லாம் குரலிலேயே தெரிந்துவிடும். ஆனால் அதே ஆள் பஜாரில் என்னை இடித்துக்கொண்டு போனாலும் யாரென்று தெரியாது. பாதி ஊரைக் காதால் தெரியும், கண்ணால் தெரியாது. சக ஆபரேட்டர்களுக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. எனக்கு அது தீராத எரிச்சல்.

அந்தக் குருவியும் அப்படித்தான் என்னை ஏய்த்தது. ஐப்பசி மழையோடு வடக்கேயிருந்து வரும், சித்திரை பிறந்ததும் திரும்பிவிடும். விடிகிற நேரத்திலும் அடைகிற நேரத்திலும், ஆறு மணியை ஒட்டி, இரட்டைச் சீட்டி அடிக்கும்; அதனால் அந்தப் பெயர். என் அம்மா வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கே போகும்போதெல்லாம் செண்பகத்தோப்புப் பக்கம் போய்த் தேடியிருக்கிறேன். மூன்று வருடமாகச் சீட்டிச் சத்தம் கேட்டதுதான் உண்டு. கிளை கிளையாக அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி வந்தது மிச்சம். படத்தில் பார்த்திருந்தேன்: பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலடியில் ரத்தச் சிவப்பு. இவ்வளவு நிறத்தையும் உடம்பில் வைத்துக்கொண்டு ஒரு பறவை ஒளிந்து திரிவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தீபாவளி போனஸில் தோடு வாங்காமல் பைனாகுலர் வாங்கியவள் நான். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று அம்மா என்னைச் சொல்வதில் தப்பே இல்லை.

பங்குனி முடியப் போகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அடுத்த ஓய்வு நாளுக்குள் குருவி கிளம்பிவிடும். பிறகு ஐப்பசி வரை காப்பியும் இல்லை, குருவியும் இல்லை. நைட் ஷிப்ட் முடித்து வந்த வீட்டுக்காரரைத் தூங்கவிடாமல் மொபெட்டை எடுக்க வைத்தேன். அய்யனார் கோவில் ரோட்டில் தகைவிலான் குருவிகள் டெலிபோன் கம்பியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. அவையும் வடக்கே போகிற கூட்டம்தான். சோளப்பட்சிகள் ஒரு மொத்தமாக எழுந்து வயலைத் தாண்டிப் போயின. ஊரே காலி செய்துகொண்டிருந்தது. மாந்தோப்புகள் தொடங்கும் இடத்தில் இருந்த டீக்கடை பெஞ்சில் அவர் படுத்துவிட்டார். நான் மட்டும் உள்ளே நடந்தேன்.

முதல் தோப்பின் வேலியோரத்தில் நின்றபோதே சீட்டிச் சத்தம் கேட்டது. பக்கத்தில்தான். பைனாகுலரைத் தூக்கி மாமரத்துக் கிளைகளைத் துழாவினேன். ஒரு கிளை முடித்து அடுத்த கிளைக்குப் போவதற்குள் முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

"ஏட்டி, யாரு உன்னை அனுப்புனது?"

என்னைவிடப் பத்து வயது மூத்த பெண். ஒரு கையில் விளக்குமாறு, இன்னொரு கையில் கிளி விரட்டத் தட்டுகிற தகர டின். எனக்கு விஷயம் விளங்கச் செத்த நேரம் ஆனது. எங்கள் பக்கம் மாங்காயைப் பூவிலேயே குத்தகை பேசிவிடுவார்கள். பூ நிற்குமா உதிருமா என்பது குத்தகைக்காரன் தலையெழுத்து. காய் அமோகமாகப் பிடித்துவிட்டால் தோப்புக்காரருக்கு வயிறு எரியும். ஆள் விட்டு நோட்டம் பார்த்து, பேசின பேச்சை மாற்றப் பார்ப்பார். அந்தப் பெண்ணும் அவள் வீட்டுக்காரரும் வருடம் பூரா அந்தத் தோப்பிலேயே குடியிருந்து காவல் காப்பவர்கள். அந்த வருடக் காய்ப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்ததும் அவர்களே. மரமெல்லாம் காய் கொள்ளாமல் தொங்கியது. இந்த நிலையில் விடியற்காலையில் ஒருத்தி தூரக் கண்ணாடியை வைத்துக்கொண்டு கிளை கிளையாகப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? காய் எண்ண வந்த உளவாளி என்றுதான்.

குருவி பார்க்க வந்தேன் என்றேன். அவள் சிரிக்கக்கூட இல்லை.

"நாங்க குருவிய வெரட்டத்தான் இங்க ராப்பகலாக் கெடக்கோம். நீ அதைப் பாக்க வந்தியாக்கும்."

எக்சேஞ்சில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னேன். அவள் சந்தேகம் இன்னும் கூடியது. அந்தப் பக்கம் தோப்புக்காரர் வீட்டில்தான் போன் இருந்தது; நான் அவருக்கு வேண்டிய ஆள் என்று ஆகிவிட்டது. காப்பி விரதத்தைச் சொன்னேன். அதற்கு அவள் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையில், உளவாளியாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. எனக்கும் கோபம் தலைக்கேறியது. உங்கள் மாங்காய் யாருக்கு வேண்டும், நான் ஊறுகாய்கூடத் தொடுவதில்லை என்று கத்திவிட்டேன். இந்தக் கூச்சலில் குருவி பறந்துவிட்டிருக்கும் என்று நினைத்ததும் அழுகை முட்டியது. வேலியைப் பிடித்துக்கொண்டு, பார்க்காமல் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று நின்றேன்.

பிடிவாதக்காரியைப் பிடிவாதக்காரிக்குத் தெரியும் போலிருக்கிறது. அவள் கையை நீட்டினாள்.

"அந்தக் கண்ணாடியக் குடு. குடுத்துட்டு உள்ள போ. ஆனா தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான் நடக்கணும். மேல பாத்தே, அம்புட்டுத்தான்."

பைனாகுலர் இல்லாமல் குருவி பார்ப்பது, ஹெட்போன் இல்லாமல் போர்டில் உட்காருவது மாதிரி. அதிலும் மேலே பார்க்கக் கூடாதாம். ஆனது ஆகட்டும் என்று கழற்றிக் கொடுத்தேன். அவள் அதைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு எனக்குப் பின்னாலேயே வந்தாள். போலீஸ்காரி கைதியைக் கூட்டிப் போவது போலத்தான் எங்கள் நடை.

தோப்பின் தரை சுத்தமாக இருந்தது. விழுகிற காய் கண்ணில் படவும், பாம்பு அண்டாமல் இருக்கவும் சருகைக் கூட்டி எரித்துவிடுவார்கள். மேற்கு மூலை மட்டும்தான் பாக்கி; அதைக் கூட்டத்தான் விளக்குமாற்றோடு வந்திருக்கிறாள். குனிந்த தலையோடு அந்த மூலையை நெருங்கியபோது சருகு சலசலத்தது. ஓணான் என்றுதான் நினைத்தேன். ஒரு மாவிலை தானாகப் புரண்டது. அதற்குப் பின்னாலிருந்து தத்தித் தத்தி வெளியே வந்தது என் குருவி.

ஒரு பாய் விரிக்கிற தூரம்கூட இல்லை. கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, முதுகில் பச்சை, நறுக்கிவிட்டது போன்ற குட்டை வால். அலகால் சருகைப் புரட்டியது, ஒரு புழுவை இழுத்தது, வாலை ஆட்டியது, சிவப்பு தெரிந்தது. மூன்று வருடம் அண்ணாந்து பார்த்தேனே, இது என் காலடியில் மேய்ந்துகொண்டிருந்திருக்கிறது. கிளையில் உட்கார்ந்து சீட்டி அடிக்கும், இரை தேடுவதெல்லாம் தரையில் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூச்சு விடவே பயமாக இருந்தது.

அப்போது பார்த்துக் கிளிக்கூட்டம் ஒன்று கீச்சிட்டுக்கொண்டு தலைக்கு மேலே மரத்தில் இறங்கியது. செத்தோம் என்று நினைத்தேன். டின் அவள் கையில். ஒரு தட்டுத் தட்டினால் கிளியோடு சேர்ந்து குருவியும் போய்விடும். திரும்பிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. கடித்துப் போட்ட மாங்காய் ஒன்று எங்களுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. டின் சத்தம் வரவில்லை. குருவி மூலை முழுக்க மேய்ந்து முடித்து, வேலிப் புதருக்குள் நுழைந்து மறைந்த பிறகுதான் அவள் டின்னைத் தட்டினாள். அதுவரை பொறுத்ததற்கெல்லாம் சேர்த்துத் தட்டினாள்.

"இம்புட்டு அழகா இருக்கு. இத்தனை வருசமா நான் பாத்ததே இல்லையே" என்றாள். அந்தக் குரலில் என்மேல் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

சருகுக்கு அடியில் இருக்கும் புழுபூச்சிதான் அதற்குச் சாப்பாடு, வடக்கே போவதற்கு உடம்பில் தெம்பு ஏற்றிக்கொள்கிறது என்றேன். அவள் விளக்குமாற்றைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள். குடிசைக்குக் கூட்டிப்போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். தை மாதத்துக்குப் பிறகு முதல் காப்பி. வாய் சுட்டது, அப்படியே குடித்தேன். பைனாகுலரை மட்டும் வேலியைத் தாண்டிய பிறகுதான் கழற்றிக் கொடுத்தாள். டீக்கடையில் வீட்டுக்காரர் என் வாயிலிருந்து வந்த காப்பி வாசனையை வைத்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டார்.

அடுத்த வாரம் மாலையில் போய்க் கேட்டேன். ஆறு மணி தாண்டி இருட்டுகிறவரை சீட்டிச் சத்தமே இல்லை. வடக்கே பார்த்துச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்த ஒரு சாயங்காலம். போர்டில் அய்யனார் கோவில் ரோட்டு மளிகைக் கடையின் விளக்கு எரிந்தது. வழக்கம்போல நம்பர் கேட்டேன். பதில் வர நேரமானது. போன் பேசிப் பழகாதவர்கள்தான் அப்படித் தயங்குவார்கள்.

"நம்பரு ஒண்ணும் வேண்டாம், உங்கிட்டத்தான் பேச வந்தேன்" என்றது குரல். முகம் தெரிந்த குரல்.

"வந்துட்டுட்டி. இப்பத்தான் சத்தம் கேட்டுச்சு. மேக்கு மூலையில சருகக் கூட்டாமப் போட்டிருக்கேன், ஞாயித்துக்கிழம வந்து பாரு."

கட்டாயம் வாரேன்க்கா என்றேன். அவள் போனை வைக்கவில்லை. எதையோ யோசிப்பது கேட்டது.

"அந்தக் கண்ணாடிய மட்டும் வீட்டுல வச்சிட்டு வா."