இரண்டு கட்சிக்கும் ஒரே தொண்டை

தொண்டையை வாடகைக்கு விடுவதுதான் என் தொழில். ஹல்துமுல்லை டவுனில் நானும் என் வீட்டுக்காரரும் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கிறோம். பெட்டி, ஒயர், மைக் எல்லாம் அவர் பொறுப்பு. ஓட்டோவின் தலையில் கட்டிய குழாய் வழியாகத் திருவிழா, மரண அறிவித்தல், தண்ணீர் வராத நாள், கட்சிக் கூட்டம் என்று தேயிலைத் தோட்டம் தோட்டமாகக் கேட்கிற குரல் என்னுடையது. இந்தப் பக்கத்தில் அறிவிப்புச் செய்ய வேறு ஆள் இல்லை. அதனால் எல்லாக் கட்சியும் என்னிடம்தான் வரும். சலூன் வைத்திருப்பவர்களே, பஸ் ஓட்டுகிறவர்களே, மருந்துக்கடையில் நிற்பவர்களே, ஒருவரையொருவர் பார்க்கப் பிடிக்காத இரண்டு பேருக்கு ஒரே நாளில் சிரித்த முகம் காட்டும் என் இனத்தாரே, உங்களுக்கு இது புரியும். கட்சிகளின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் பாதி வேலை போய்விடும்.

பெரகல சந்தியில்

பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கத் தலைவர்கள். ஒருவர் மாரிமுத்து, மற்றவர் யோகராஜா. தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில் பிறந்து, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, சங்கம் பிரிந்த பிறகு ஒருவர் போகிற கல்யாண வீட்டுக்கு மற்றவர் போகாமல் விட்டவர்கள். பிரதேச சபைத் தேர்தலில் இருவரும் எதிரெதிராக நின்றார்கள். இருவருக்கும் அறிவிப்பு நான்தான்.

ஒருநாள் மத்தியானம் நான் பெரகல சந்தியில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருடைய பிரசார ஓட்டோவும் நேருக்கு நேர் வந்து நின்றுவிட்டன. எந்த வண்டியும் பின்னால் எடுக்கவில்லை. ஒரு குழாய், "உழைக்கும் மக்களின் ஒரே நம்பிக்கை மாரிமுத்து" என்றது. மறு குழாய், "நம்பி ஏமாந்தது போதும், யோகராஜாவுக்கே உங்கள் வாக்கு" என்றது. இரண்டும் நான் பதிவுசெய்து கொடுத்த என் குரல். முட்டைக்கோவா ஒன்றைக் கையில் பிடித்தபடி எனக்கு நானே பதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கமும் ஆட்கள் இறங்கிச் சட்டைக் கையை மடித்துவிட்டார்கள். அடிதடி ஆகியிருக்கும். ஆனால் தேத்தண்ணிக் கடை அக்கா வாசலுக்கு வந்து போட்ட சத்தத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் சிரித்து, வண்டியை ஒதுக்கினார்கள். அவர் சொன்னது இதுதான்: "ஐயோ பாவம், அந்தப் பொம்பள எப்படித்தான் தூங்குதோ! அது வயித்துக்குள்ளயே ரெண்டு கட்சி அடிச்சிக்கிடுதே!"

காதில் கேட்டபோது

அடுத்த வாரம் மாரிமுத்து புது அறிவிப்பு எழுதிக்கொண்டு வந்தார். அதில் ஒரு வரி, "பெண்டாட்டியை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறவரா நமக்குத் தலைவர்?" என்று இருந்தது. யோகராஜாவின் மனைவி வீட்டு வேலைக்கு வெளிநாடு போயிருக்கிறார். நம் தோட்டங்களில் அப்படி ஒருவராவது போகாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். "இது வேணாம் அண்ணே" என்றேன். "நான் சொல்றதைப் படிங்கம்மா" என்றார். சரி என்று படித்துப் பதிவுசெய்து, அவர் காதிலேயே ஹெட்போனை மாட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்தவர் முகம் தொங்கிப்போனது. ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேசைமேல் வைத்தார். "எழுதுறப்ப யோகராஜாவைத் திட்டுற மாதிரி இருந்துச்சும்மா. கேக்குறப்ப குவைத்துல இருக்க என் தங்கச்சியைத் திட்டுற மாதிரி இருக்கு. அதை வெட்டிருங்க."

கொடியை அவிழ்த்த வண்டி

வாக்களிப்புக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மாரிமுத்துவின் அம்மா இறந்துபோனார். சுற்றுவட்டத் தோட்டங்களுக்கெல்லாம் செய்தி போகவேண்டும். மைக் பூட்டிய ஓட்டோ எங்களிடம் ஒன்றுதான்; அதுவோ அன்றைக்கு யோகராஜாவுக்கு வாடகை பேசப்பட்டிருந்தது. முன்னும் பின்னும் அவருடைய கொடி, கதவில் அவருடைய படம். அவரிடம் எப்படிக் கேட்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால், செய்தி எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. மனிதர் கொடியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். படத்தையும் கிழித்தெடுத்தார். நான் பின்னால் இருந்து மரண அறிவித்தல் சொல்ல, அவர் டிரைவர் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்து குறுக்கு ரோடுகளைக் காட்டிக்கொண்டே வந்தார். இறந்த அம்மா தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் ஆயாவாக இருந்தவர். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவது அவரிடம்தான். பிரசாரம் ஒருநாள் கெட்டுவிட்டதே என்று நான் சங்கடப்பட்டபோது யோகராஜா சொன்னார்: "எங்கம்மா கொழுந்து எடுக்கப் போனப்ப என்னைய மடியில போட்டு ஆட்டுனது இந்தம்மாதாங்க. கொடியை நாளைக்குக் கட்டிக்கிடலாம்."

மழை நாள்

தேர்தலில் ஒருவர் வட்டாரத்திலும் மற்றவர் கட்சிப் பட்டியலிலுமாக இருவருமே வென்று சபைக்குப் போனார்கள். போனதும் பழைய கதைதான். தோட்டத்துக்குப் புது வீடு வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. அது யாருடைய ஆட்களுக்கு முதலில் என்பதில் சண்டை. லயத்தைக் காலிசெய்தால் மற்றக் கட்சிக்காரன் தங்கள் காம்பரா அறையைப் பிடித்துக்கொள்வான் என்று இரண்டு பக்கமும் பயந்துகிடந்தார்கள்.

அப்போதுதான் அந்த மழை. விடாமல் கொட்டியது. ஒருநாள் காலையில் லயத்துக்கு மேலே தேயிலை மலையில் நிலம் வாய்பிளந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். மாரிமுத்து எங்களுக்குப் போன் பண்ணி, "உடனே குழாயைக் கட்டிக்கிட்டு வாங்க" என்றார். போய் அறிவித்தேன். "எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மாரிமுத்துவின் ஆட்களில் சிலர் மூட்டை கட்டினார்கள். மற்றப் பக்கத்தில் கதவைக்கூடத் திறக்கவில்லை. "இது அவரு ஆளுங்க நாடகம்" என்று ஒருவர் ஜன்னல் வழியாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் குரலை ஊரே அறியும். ஆனால் அது காசு கொடுத்தால் எதையும் சொல்லும் குரல் என்பதையும் ஊரே அறியும்.

மாரிமுத்து மழையில் இறங்கி, யோகராஜா வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே என்ன பேசினார்களோ தெரியாது. வரும்போது இரண்டு பேராக வந்தார்கள். ஓட்டோவின் பின் சீட்டில் எனக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். மைக்கை அவர்கள் கையில் கொடுத்துவிட்டேன். மாரிமுத்து யோகராஜாவின் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "உங்க காம்பராவை யாரும் தொடமாட்டாங்க, நான் காவல் நிக்கிறேன், வெளிய வாங்கப்பா" என்றார். யோகராஜா மாரிமுத்துவின் ஆட்களைக் கூப்பிட்டார். கதவுகள் திறந்தன. கைக்குழந்தைகள், முடியாதவர்கள், கோழி, ஆடு எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. சாயங்காலம் மலை சரிந்து இறங்கியது. லயத்தின் பாதியைக் காணோம். உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. முருகனுக்கும் மாதாவுக்கும் அந்த இரண்டு பேருக்கும் சேர்த்துக் கும்பிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பெண், பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அறிவிப்பைக் கேட்டுத்தான் வந்தாயா என்று கேட்டேன். "அறிவிப்பெல்லாம் காதுல விழலைங்க அக்கா. இவுங்க ரெண்டு பேரும் ஒரே ஓட்டோவுல வர்றதைப் பார்த்தேன். பார்த்ததும் மலை நெசமாவே வரப்போவுதுன்னு புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துட்டேன்."

பேசாமல் இருந்த மாதம்

அன்று கத்திய கத்தலில் என் குரல் போய்விட்டது. பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு மாதம் வாயே திறக்கக்கூடாது என்றார். இதற்கிடையில் இருவரும் சபையில் சேர்ந்து ஒரே தீர்மானம் கொண்டுவந்தார்கள். லயத்து ஆட்களை மறுபடி அந்த மலைக்குக் கீழே குடிவைக்கக்கூடாது, எல்லோருக்கும் ஒரே இடத்தில் காணி வேண்டும் என்று. அலைந்து திரிந்து, யாரும் நம்பாத வேகத்தில் காணியும் வாங்கிவிட்டார்கள். இப்போது அங்கே அத்திவாரம் எழும்பிக்கொண்டிருக்கிறது. யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்று சீட்டுப் போட்டு எடுத்ததில், எல்லாக் கட்சியும் கலந்து கிடக்கிறது.

அடிக்கல் நடும் விழாவுக்கு அறிவிப்புச் செய்ய வேண்டுமென்று இருவரும் ஒன்றாகக் கடைக்கு வந்தார்கள். ஒருவர் கையில் கொத்தமல்லி, மற்றவர் கையில் தேன் போத்தல். நான் தொண்டையைக் காட்டிக் கையை விரித்தேன். பண்டாரவளையில் ஒரு பெண் இருக்கிறாள், நன்றாகச் சொல்வாள் என்று என் வீட்டுக்காரர் விவரம் சொன்னார். ஒருமுறை போன வாடிக்கை திரும்பி வருமா? யோகராஜா மாரிமுத்துவைப் பார்த்தார். மாரிமுத்து தலையாட்டியதும் யோகராஜா சொன்னார்: "அக்காவுக்குக் குரல் வர்றவரைக்கும் விழாவைத் தள்ளி வைக்கிறோங்க. அதுவரைக்கும் நாங்களும் கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருந்தா ஊருக்கு நல்லதுதானே?"

இப்போது குரல் திரும்பிவிட்டது, ஆனால் ஒருவரையொருவர் திட்டும் வரிகள் எல்லாம் போய்விட்டதால் அறிவிப்பு பாதியாகச் சுருங்கி, என் வரும்படியும் அதோடு சுருங்கிவிட்டது. அது அப்படியே சுருங்கிக் கிடக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிற ஒரே வியாபாரி இந்த ஊவா மாகாணத்தில் நானாகத்தான் இருப்பேன்.